கீழவாய்க்கால் இல்லாத தாள்

டிசம்பர் 19

முறைத்தாள் முடிந்தது. நாளை முதல் ஜனவரி மூன்று வரை பதினைந்து நாள். ஐந்து வாய்க்கால், வாய்க்காலுக்கு மூன்று நாள். அணையில் தண்ணீர் இல்லை, மழையும் கார்த்திகையோடு கைவிட்டுவிட்டது. இருக்கிற தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதை இத்தனை வருஷமும் பாசன சங்கத்தில் நோட்டுப் போட்டு எழுதினார்கள். இந்த வருஷம் நான். வேலை போய் ஒன்பது மாதமாக அப்பா வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு ஊர் பார்த்துக் கொடுத்த வேலை.

செய்ததை எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும். ஒரு ஸ்கிரிப்ட். அதற்குள் சின்னச் சின்ன ப்ரொசீஜர்கள், ஆளுக்கொரு வேலை. பக்கம்_தொடங்கு, தலைப்பு, வரிசை, பக்கம்_முடி. ஒவ்வொன்றும் எச்.டி.எம்.எல்லில், அதாவது பிரவுசர் படிக்கிற மொழியில், ஒரு துண்டை எழுதும். இன்னும் இரண்டு உண்டு: திசைமாற்று, திரும்பு. திசைமாற்று என்று சொன்னால் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வேறொரு பக்கத்துக்குப் போகும். திரும்பு என்றால் பழைய பக்கத்துக்கு வந்துவிடும். பட்டியலில் யாருக்காவது விவரம் விட்டுப்போயிருந்தால், அந்தக் குறையை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதி வைப்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தக் குறைப்பக்கம் எனக்கு மட்டும். ஊர் பார்ப்பது முறைத்தாளை.

பெரிய கம்பெனியில் பதிமூன்று வருஷம் இதைவிடப் பெரிய குப்பைகளை எழுதியிருக்கிறேன். ஆனால் இதை எழுதும்போது இருந்த சந்தோஷம் அதில் இல்லை. சரி, போதும். சந்தோஷம் என்று எழுதினாலே எனக்குப் பயம்.

டிசம்பர் 20

சங்கச் செயலாளர் பரணிதரன் சார் தாளைப் பார்த்துவிட்டு, மேலே தலைப்புக்குக் கீழ் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். “தயாரிப்பு: ஐயாவு மகள் செம்மொழி.” வேண்டாம் என்றேன். நம்ம ஊர்ப் பெண், நாலு பேருக்குத் தெரியட்டும் என்றார். அவருக்கு மேலவாய்க்காலில் பன்னிரண்டு ஏக்கர், இரண்டு பிள்ளைகளும் கனடாவில். தெருவுக்குள் வரும்போது குரலை உயர்த்திப் பேசாத மனிதர், அந்த மட்டுக்கு நல்லவர். சேர்த்துக் கொடுத்தேன்.

அந்த வரி சேர்த்ததோடு நடுவில் வந்த பெயர் மாற்றம் ஒன்றையும் போட்டு மறுபடி ஓட்டி, அச்செடுத்து அனுப்பியாயிற்று. தலைமதகுக் கதவில் ஒட்டியது தங்கையன் மாமா. எங்கள் தெரு. முப்பது வருஷமாக நீராணிக்கம் அவர்தான். மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்காலில் அடைப்பு இருந்தால் இறங்கி எடுப்பது எல்லாம். ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “பாப்பா பேரு தலமதவுல நிக்கிதுய்யா” என்றாராம். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள்.

டிசம்பர் 26

சென்னையில் ஒரு கம்பெனி ஜனவரி இரண்டாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறது. போக வேண்டுமா? கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு கதைதான். அம்மா ஏற்கனவே வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். மாரியம்மனுக்கு முன்பே சொல்லியாயிற்றாம், அதனால் இந்த முறை மாதா.

டிசம்பர் 31

வயலுக்குப் போய் வந்தேன். அப்பாவின் குத்தகை நிலம் கீழவாய்க்காலின் கோடியில், ஒன்றரை ஏக்கர். எங்கள் தெருக்காரர்கள் பதினோரு பேருடைய நிலமும் அங்கேதான். நல்ல தண்ணீர் முதலில் யார் நிலத்துக்குப் பாயும், யார் நிலம் கோடியில் இருக்கும் என்பதெல்லாம் எங்கள் தாத்தாக்கள் பிறக்கும் முன்பே முடிவான சங்கதி. அதை மாற்ற ஸ்கிரிப்ட் கிடையாது.

பயிர் பொதி கட்டி நிற்கிறது. இன்னும் பத்து நாளில் கதிர். கடைசியாகப் பாய்ந்தது பத்தொன்பதாம் தேதி. நாளை எங்கள் முறை, மூன்று நாள் தண்ணீர். இது மட்டும் பாய்ந்துவிட்டால் போதும், அப்புறம் பனியிலேயே விளைந்துவிடும் என்றார் அப்பா. மதியம் மன்னார்குடியில் சென்னைக்குப் பஸ் ஏறுகிறேன். பழைய கம்பெனித் தோழி இர்ஃபானா வீட்டில் தங்கல்.

ஜனவரி 2

என்னிடம் கேள்வி கேட்டவனுக்கு இருபத்தேழு வயது இருக்கும். நான் எழுதியவற்றில் எதை இப்போது இயந்திரமே எழுதாது என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஜனவரி 3

கிடைக்கவில்லை. இர்ஃபானா இன்னும் இரண்டு நாள் இரு என்கிறாள். வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா, எல்லாம் நல்லாருக்கு, நீ வேலையப் பாரு என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 5

காலை நீடாமங்கலத்தில் இறங்கி நேராக வயலுக்குப் போனேன். ஏன் போனேன்? வீட்டுக்குப் போய்க் கிடைக்கவில்லை என்று சொல்வதைத் தள்ளிப்போடத்தான்.

வயலில் தண்ணீர் இல்லை. ஈரம்கூட இல்லை. செருப்புக் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வயல் காளியம்மாள் அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தது. புருஷன் செத்த பிறகு தனியாக நின்று ஒரு ஏக்கர் செய்கிற மனுஷி. நம்ம முறைக்குத் தண்ணி வரல என்றது. ஒண்ணாம் தேதி வரல, ரெண்டு வரல, மூணும் வரல. தங்கையன் திறக்கவே இல்லை.

வீட்டில் அப்பாவைக் கேட்டேன். தங்கையன் மாமாவிடம் போய்க் கேட்டார்களாம். பேப்பரில் கீழவாய்க்கால் இல்லை, சங்கத்தில் கேளுங்கள் என்றாராம். சங்கத்தில் ஆளில்லை, பரணிதரன் சார் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் என்று குடும்பத்தோடு திருக்கடையூரில். போனை எடுக்கவில்லை. மேலே தண்ணீர் குறைந்து நம்மை நிறுத்திவிட்டார்கள் போல என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல? நீ வேலைக்குப் போயிருந்தியே, அந்த நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன் என்கிறார்.

பேப்பரில் கீழவாய்க்கால் இல்லையா? எப்படி இல்லாமல் போகும்? நான்தானே—

ஜனவரி 6

இருக்கிறது. வேறு இடத்தில் இருக்கிறது.

புதுவாய்க்காலின் கடைசிப் பெயர் விஜயலட்சுமி. பாகப்பிரிவினையில் புதிதாக வந்த பங்கு. நான் இருபதாம் தேதி போட்ட பெயர் மாற்றம் இதுதான். பரப்பு இன்னும் எழுதி வரவில்லை, காலி. ஸ்கிரிப்ட் அதைக் குறைப்பக்கத்தில் எழுதத் திசைமாற்றியது. பெயரை எழுதியது. காலியாக இருந்த பரப்பை வைத்து மணிக்கணக்கு போடப் போய், அந்த இடத்தில் தடுக்கி விழுந்தது. விழுந்தால் சத்தம் போடாமல் அடுத்ததுக்குப் போ என்று நான்தான் எழுதியிருந்தேன். போனது. ஆனால் திரும்பு என்ற வரியைத் தாண்டிக் குதித்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கீழவாய்க்கால் முழுக்க — பதினோரு பெயர், மூன்று நாள், மணிக்கணக்கு, எங்கப்பா பெயர் — எல்லாம் நான் ஒருத்தி மட்டும் பார்க்க வேண்டிய பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை நான் பார்க்கவில்லை.

முறைத்தாள் பாதியில் நிற்பதுகூடத் தெரியாது. முடிக்காமல் விட்ட எச்.டி.எம்.எல் பக்கத்தையும் பிரவுசர் தானாக முடித்து அழகாகக் காட்டும். அந்தத் தயவு அதற்கு உண்டு. ஓட்டி முடித்ததும் என் திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. நானும் முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் நாள் ஓட்டியபோது சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். என் பெயரைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது எண்ணவில்லை. பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பெயரை மட்டும் பார்த்தேன்!

ஜனவரி 7

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தேன். கடைசியில், “குறுக்கால ஒரு வாய்க்காலுக்கு மடையத் திருப்பி விட்டுட்டு, மறுபடி இந்தப் பக்கம் திருப்பாம வந்துட்டேம்ப்பா” என்றேன். உடனே புரிந்துகொண்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

இதை யாரிடம் சொன்னாய் என்று கேட்டார். உங்களிடம்தான் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஒன்றரை ஏக்கர் போச்சேடி என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தெருவில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. தங்கையன் மேல்பக்கத்துக்காரர்களிடம் எதையோ வாங்கிக்கொண்டு அந்த மூன்று நாளும் புதுவாய்க்காலிலேயே தண்ணீரை விட்டுவிட்டானாம். மாமாவுக்கு எதிராகச் சங்கத்தில் மனு. கையெழுத்து வாங்குவது காளியம்மாள் அக்கா.

ஜனவரி 8

பரணிதரன் சார் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். காபி வந்தது. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தங்கையன் உனக்கு மாமா முறையா என்றார். ஒரே தெரு, மாமா என்று கூப்பிடுவது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் கேட்டேன். அடுத்த சுற்று நேற்றுத்தான் தொடங்கி மேலவாய்க்கால் முறை நடக்கிறது, நடுவில் எடுத்தால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், பேசிப் பார்க்கிறேன் என்றார். மேலவாய்க்காலில் பாதி அவருடையதுதானே, யாரிடம் பேசிப் பார்க்கப் போகிறார்? கண்ணாடியைப் பார்த்தா? இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குத்தான் எனக்கு வாய்.

ஜனவரி 10

ஒரு நாள் தண்ணீர் கிடைத்தது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை. தங்கையன் மாமாதான் திறந்துவிட்டார், வாய்க்காலோடு கூடவே நடந்து வந்து கோடி வரைக்கும் சருகு தள்ளிவிட்டார். காளியம்மாள் அக்கா அவரைப் பார்த்து வரப்பில் துப்பியது.

கதிர் வந்திருக்கிறது. வெள்ளையாக வந்திருக்கிறது. அப்பா ஒன்றைப் பறித்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பாலில்லை, பதர்.

ஜனவரி 12

சங்கக் கூட்டம். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு எனக்கு வசதியாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

குறைப்பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எழுந்து, தங்கையன் மாமா மீது தப்பில்லை, தாளில் கீழவாய்க்கால் விழாமல் போனது என் தப்பு, இதோ அது போய் விழுந்த பக்கம் என்று எல்லோருக்கும் காட்டினேன். திசைமாற்று, திரும்பு என்று ஏதோ சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. அப்பாவிடம் சொன்னது போல் மடை என்று சொல்லியிருக்கலாம். அங்கே அது வாயில் வரவில்லை.

காளியம்மாள் அக்காதான் எழுந்தது. “இது அன்னிக்கு அடிச்ச பேப்பரா, இன்னிக்கு அடிச்சதா?”

இன்னிக்கு அடிச்சது, உள்ளே இருப்பது அன்றைக்கு எழுதியது, அன்றைய தேதியோடு கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்றேன்.

“அந்தத் தேதிய நீ நெனைச்சா மாத்த முடியுமா முடியாதா?”

முடியும் என்றேன். வேறென்ன சொல்வேன்? முடியும்தானே. இரண்டு நிமிஷ வேலை.

அக்கா உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பரணிதரன் சார் சிரித்த முகமாக, “தெருக்காரரை விட்டுக்கொடுக்காம பேசுறம்மா, நல்ல மனசு. அதுக்காக நீ ஏன் பழிய இழுத்துத் தலையில போட்டுக்கற?” என்றார். பின்வரிசையில் யாரோ, அவங்களுக்குள்ள ஒத்துமைய்யா என்றார்கள். படித்த பெண் தப்புச் செய்ய மாட்டாள், தெருவுக்காகப் பொய்தான் சொல்வாள் — இதுதான் அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இங்கே நின்று கத்துகிறது, திரும்பிப் பார்க்க ஆளில்லை.

தங்கையன் மாமா சுவரோரம் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஏதாவது சொல்கிறாயா என்று கேட்டதற்கு, பேப்பரில் இல்லை, அதனால் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷமாக ஐந்து வாய்க்கால் என்று தெரியாதா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். தெரிந்துமா திறக்கவில்லை? துண்டை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். என் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

அவரை நீராணிக்கத்திலிருந்து எடுத்துவிடச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் சங்க உறுப்பினர் இல்லை, கையில்லை. தூக்கியவர்களை எண்ணினார்கள். நானும் எண்ணினேன். இந்தத் தடவை சரியாக எண்ணினேன். முப்பத்தாறு. முப்பத்தாறாவது கை எங்கப்பாவுடையது.

ஜனவரி 13

அப்பாவிடம் பேசவில்லை.

ஜனவரி 14

போகிக் குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். நான் சொன்னது நிஜம்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானேப்பா, நீங்க ஏன் தூக்குனீங்க?

“அவங்க உன்னைய நம்பிட்டா என்ன பண்றது?” என்றார்.

நம்பினால் பதினோரு குடும்பத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். தெருவில் இருக்க முடியாது. வேலையும் இல்லாத பெண். தங்கையன் ஆம்பள, எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்குவான். இதையெல்லாம் அப்பா சொல்லவில்லை. நானாக எழுதிக்கொள்கிறேன். அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். இரண்டு பேரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள், ஒன்றாக நடவுக்குப் போனவர்கள். அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது துணைக்கு வந்தவர் தங்கையன் மாமா.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளுக்குள் எங்கேயோ, அப்பாடா என்று ஒன்று இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அப்பாடா என்று இருந்தது.

ஜனவரி 15

பொங்கல். பழைய அரிசியில் பொங்கினோம். தெருவில் பாதி வீட்டில் அதே.

அம்மா கொடுத்த கரும்பை எடுத்துக்கொண்டு தங்கையன் மாமா வீட்டுக்குப் போனேன். வா பாப்பா என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார். அத்தை உள்ளேயே இருந்தது. நான் செய்த தப்பை முதலிலிருந்து சொன்னேன். கூட்டத்தில் சொன்னபோதே புரிந்தது என்றார். பிறகு ஏன் சும்மா நின்றீர்கள் மாமா என்றேன்.

“பேப்பர்ல நம்ம வாய்க்கா இல்லன்னு அன்னிக்கே பாத்தேன் பாப்பா. என்னடா இது, இல்லாத வழக்கமா இருக்கேன்னு மனசு சொல்லுச்சு. வேற யாரு எழுதிருந்தாலும் கிழிச்சுப் போட்டுட்டு தொறந்து விட்டுருப்பேன். மேல உன் பேரு போட்டிருந்துச்சு. நம்ம புள்ள எழுதுனா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

இதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்றார்.

கரும்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார், அது வேண்டாம்.

ஜனவரி 28

அணை மூடிவிட்டார்கள். முறைத்தாள் இனி ஜூனில்தான்.

பிப்ரவரி 2

மேல்பக்கம் அறுப்பு மிஷின் ஓடுகிறது, வீடு வரை தூசி. எங்கள் பக்கம் மிஷின் வரவில்லை. அறுக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று கிடை போடும் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டைவிட்டு மேய்த்தாயிற்று. அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் நன்றாகத் தின்றன.

பிப்ரவரி 3

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். இப்போது திசைமாற்றினால் நடுவில் எது விழுந்தாலும், எப்படி விழுந்தாலும், திரும்பாமல் வெளியே வர முடியாது. கடைசியில் வாய்க்கால்களை எண்ணிப் பார்க்கும். ஐந்து இல்லையென்றால் தாளே வராது. விஜயலட்சுமியின் பரப்பை வேண்டுமென்றே காலியாக வைத்து நாற்பது தடவை ஓட்டினேன். நாற்பது தடவையும் சரி.

இருபது வரி. ஒரு மணி நேரம் ஆனது. டிசம்பரில் அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லையா? ஒன்பது மாதமாக என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

பிப்ரவரி 9

பரணிதரன் சார் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரையும் குடித்தார். இதுதான் முதல் தடவை. நீராணிக்கத்துக்கு ஆள் தேடுகிறோம், படித்த பையனாக இருந்தால் நல்லது, நம்ம சேரன் இருக்கானே என்றார். என் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருஷமாகப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். “தாள் அடிக்கறதும் மதகு தொறக்கறதும் ஒரே வீட்டுல இருந்தா தப்பு வராது பாருங்க” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா சேரனைப் பார்த்தாள். சேரன் செல்போனைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். யாராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். அவர்களும் அப்படித்தான் காத்திருந்தார்களோ என்னவோ. சார் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்ப சரி என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 4

தங்கையன் மாமா திருப்பூருக்குப் போகிறார். பனியன் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை, அத்தையோட தம்பி ஏற்பாடு. ஐம்பத்தெட்டு வயதில். காலைப் பஸ்ஸுக்கு அவர்கள் நடந்து போனபோது நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வரேன் பாப்பா என்றார். வாங்க மாமா என்றேன். ஊருக்குப் போகிறவரிடம் எதைச் சொல்வேனோ அதையே.

அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தார்.

ஏப்ரல் 20

இன்னொரு கம்பெனி. அதுவும் இல்லை.

மே 11

சங்கத்தில் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் நம்ம தாளையே போடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். பரணிதரன் சார் போனில் சொன்னார். நல்ல பெயர் என்றார்.

ஜூன் 24

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவையும் குறைவுதான், முதல் நாளிலிருந்தே முறை. தாள் அடித்தேன். ஐந்து வாய்க்காலும் வந்தன. என் பெயரை எடுத்துவிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கீழவாய்க்காலில் பத்துப் பெயர். காளியம்மாள் அக்கா நிலத்தை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டது.

மேல்பக்கமே முதலில் பாயணுமா, கோடியிலிருந்து தொடங்கினால் என்ன என்று கூட்டத்தில் யாரோ கேட்டு, பரணிதரன் சாரும் இந்த ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இன்று எங்கள் முறை. சேரன் காலையில் கிளம்பிப் போனான். அரை மணியில் திரும்பி வந்து நின்றான். கீழவாய்க்கால் மதகு சுற்றுகிறது, ஆனால் பலகை மேலே ஏறவில்லை. இரும்புத் தண்டு தேய்ந்துவிட்டது போல. சங்கத்தில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். அதற்கு ஏதோ பக்குவம் இருக்கிறது, தங்கையனுக்குத்தான் அது தெரியும் என்றார் அப்பா. வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை.

சேரன், அப்பா, அம்மா, நான். நாலு பேரும் கூடத்தில் நின்றோம். நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது. யார் பேசுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அங்கே தண்ணீர் வந்து மதகில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நான்தான் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். மாமா, கீழவாய்க்கா மதகு என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்ல விடவில்லை அவர். கால் கட்டைவிரலால் பலகையோட அடிய ஒரு அமுக்கு அமுக்கிக்கிட்டு இடப்பக்கம் நாலு சுத்து, அப்புறம் வலப்பக்கம், தானா ஏறும்னு சொல்லு என்றார். ஏறினதும் ஒரு கல்லை முட்டுக் கொடுக்கணும், இல்லன்னா மதியத்துக்குள்ள விழுந்துடும் என்றார். சேரன் கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பை மாட்டினான்.

“தண்ணி நல்லா வருதா பாப்பா?” என்றார்.

வருது மாமா என்றேன். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ லாரி வருவது போலிருக்கிறது, கேட்டைத் திறக்கணும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஒன்பதே முக்காலுக்குச் சேரன் போன் செய்தான். பலகை ஏறிவிட்டது. தண்ணீர் போகிறது.